மனாவாக் மாதா கோயில்: சும்மா கிடைப்பது அருமை, காசுக்குக் கிடைப்பதில் கவனம்

பிலிப்பைன்ஸின் மனாவாக் மாதா கோயிலில் சிறப்பு வரிசை கிடையாது. நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு ரூபாய்ச் சீட்டு, ஐநூறு ரூபாய்ச் சீட்டு, தெரிந்தவர் பெயரைச் சொல்லிப் பக்கவாசலில் நுழைவது என்று எதையும் நான் பார்க்கவில்லை. மாதாவின் மேலங்கியைத் தொட்டு வணங்க வேண்டுமா, எல்லோரும் நிற்கும் வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் நின்றவர் கழுத்துச் சங்கிலியை விற்றால் ஒரு வள்ளம் வாங்கலாம். எனக்குப் பின்னால் நின்றவர் காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. மூவரும் ஒரே வேகத்தில்தான் நகர்ந்தோம்.

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களில் தலைமைச் சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் காலத்தில் எந்தக் கப்பலில் ஏறினாலும் ஊழியர்களில் கணிசமான பேர் பிலிப்பைன்ஸ்காரர்களாக இருப்பார்கள். அவர்களுடைய அறைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருக்கும் படங்களில் ஒரு சுரூபம் அடிக்கடி வரும். பெரிய தங்கக் கிரீடம், விரிந்து நிற்கும் பூவேலை அங்கி, ஒரு கையில் குழந்தை இயேசு, மறு கையில் செபமாலை. அதுதான் மனாவாக் மாதா. எங்கள் போசன், அதாவது கப்பலின் மேல்தள ஊழியர்களுக்குத் தலைவர், மனாவாக் இருக்கும் பங்காசினான் மாகாணத்துக்காரர். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் புறப்படுமுன் மனாவாக் போய்விட்டுத்தான் மணிலாவுக்கு வண்டி ஏறுவார். "மேயர், ஒரு தடவை எங்கள் பக்கம் வாருங்கள்" என்று பல துறைமுகங்களில் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். பிலிப்பைன்ஸ் மாலுமிகள் கப்பல் சமையல்காரரை மேயர் என்றுதான் அழைப்பார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

ஆகவே நான் போனது பாதி பக்தியால், பாதி பழைய சிநேகிதத்தால். இந்தக் குறிப்பில் வரிசை, வெயில், சோறு, கழிப்பறை ஆகியவை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். கூட்டமாக வருகிறவர்களுக்கு ஓர் இடம் எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்ப்பது என் தொழில் புத்தி, அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது.

போகும் வழி எளிது. மணிலாவின் கூபாவ் பகுதியிலிருந்து டகுபான் போகும் பஸ்கள் புறப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. சுமார் 200 கிலோமீட்டர். நெரிசலைப் பொறுத்து நான்கு முதல் ஐந்து மணி நேரம். மத்திய லூசோன் சமவெளி முழுக்க வயல்தான், ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கண்ணுக்கு நல்லது. குளிர்சாதனத்தை மட்டும் ஈவிரக்கமில்லாமல் வைக்கிறார்கள்; தலைக்குக் கட்ட ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். உர்டனேட்டாவில் இறங்கினால் அங்கிருந்து ஜீப்னி என்கிற பொது வண்டி இருக்கிறது. டகுபான் வரை போய்விட்டால் மங்கல்டான் வழியாக ஜீப்னியில் வரலாம்.

எனக்கும் கூட வந்த போசனுக்குமாக அவருடைய உறவினர் ஒருவர் தனியார் வேன் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். ஏறும்போது ஒரு தொகை, இறங்கும்போது காத்திருப்புக் கட்டணம் என்று இன்னொரு தொகை. வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் கணக்கு வளர்கிறது. போசன் பங்காசினான் மொழியில் இரண்டு வாக்கியம் பேசிய பிறகு கணக்கு பழைய அளவுக்குச் சுருங்கியது. ஜீப்னியில் இந்தத் தொல்லை இல்லை. சில்லறையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் கைமாறி கைமாறி ஓட்டுநரிடம் போகும், மீதியும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். ஒரு பைசா குறையாது. ஜீப்னியில் போங்கள்.

ஊர் நெல்லும் சோளமும் விளையும் சாதாரணக் கிராமப்புற ஊர்தான். 2020 கணக்கெடுப்பில் சுமார் 76 ஆயிரம் பேர். சந்தை, பள்ளிக்கூடம், டிரைசைக்கிள் என்கிற பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல், வெயிலில் காயும் நெல். நடுவே மேட்டின் மேல் கோயில். 1610 வாக்கில் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த விவசாயி ஒருவர் பெண்குரல் ஒன்றைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாராம். மரத்தின் உச்சியில், மேகம் சூழ, செபமாலையும் குழந்தையுமாக மாதா நின்றாராம். அந்த இடத்தில் எழுந்த கோயில் என்பது ஊர்வழக்கு. கோயில் டொமினிக்கன் சபைக் குருக்களின் பொறுப்பில் இருக்கிறது. இலோகானோ மொழி பேசுகிறவர்கள் மாதாவை 'அப்போ பாகெட்' என்று உரிமையோடு கூப்பிடுகிறார்கள், வீட்டுப் பாட்டியைக் கூப்பிடும் தொனியில்.

எனக்குப் பிடித்தது சுரூபம் வந்து சேர்ந்த கதை. அது தந்தத்தால் ஆனது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹுவான் டி சான் ஹசிந்தோ என்ற குரு ஸ்பெயினிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார் என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஸ்பெயினிலிருந்து மணிலா வருவதென்றால் முதலில் அட்லாண்டிக்கைத் தாண்டி மெக்சிகோ, அங்கே தரைவழி, பிறகு அகபுல்கோ துறைமுகத்தில் பாய்மரக் கப்பல் ஏறிப் பசிபிக்கில் மாதக்கணக்கில் மிதக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத அந்தக் கப்பலில் அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டவன் எவனோ, அவனுக்கும் ஓர் ஓரத்தில் ஒரு சின்னச் சுரூபம் வைத்திருக்கலாம்.

1926 ஏப்ரலில் போப்பின் பிரதிநிதி குல்யெல்மோ பியானி இந்தச் சுரூபத்துக்கு முடிசூட்டினார். 2014இல் கோயில் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதியைப் பெற்றது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட குண்டுகளில் ஒன்று பலிபீடப் பக்கம் விழுந்தும் வெடிக்கவில்லை என்ற கதையும் உண்டு. போசன் அதைத் தன் கண்ணால் பார்த்தவர்போலச் சொன்னார், அவர் பிறந்ததே போர் முடிந்து வெகுகாலம் கழித்துத்தான். மாதாவின் புதுமைகளைக் கோயில் உள்சுவர்களில் ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். திருப்பலி தொடங்குமுன் போனால் இடிபடாமல் பார்க்கலாம்.

இப்போது வரிசை. கோயிலுக்குள் நின்று பார்த்தால் சுரூபம் பலிபீடத்துக்கு மேலே, உயரத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது. கிரீடமும் அங்கியும் நன்றாகத் தெரிகின்றன, முகம் சின்னதாகத் தெரிகிறது. கிட்டத்தில் போக வேண்டுமானால் பின்பக்கமாகப் படியேறி மாடிக்குப் போக வேண்டும். அங்கே பலிபீடத்துக்கு நேர் பின்னால், சுரூபத்தின் மேலங்கியைத் தொடுவதற்கு வழி விட்டிருக்கிறார்கள். வார நாள் காலையில் நாங்கள் போனதால் வரிசை படிக்கட்டோடு முடிந்துவிட்டது.

ஒருவருக்குக் கிடைப்பது சில நொடிகள். ஆனால் 'நகரு, நகரு' என்று முதுகில் கைவைத்துத் தள்ள ஆள் இல்லை. வரிசை தானாகவே தன் வேகத்தைக் காக்கிறது. முன்னால் இருப்பவர் அழுதுகொண்டிருந்தால் பின்னால் இருப்பவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணை யாரும் சொல்லாமலே முன்னால் விட்டார்கள். ஒரு நடுவயதுக்காரர் மடித்த கைக்குட்டையை எடுத்து அங்கியின் மீது மெதுவாக ஒற்றி, மறுபடி மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். தேர்வு எழுதப்போகிற ஒரு மாணவி கட்டாக ரப்பர் வளையம் போட்ட பென்சில்களை அங்கியில் வைத்து எடுத்தாள். என் முறை வந்தபோது தங்க நூல் வேலைப்பாடு விரல் நுனியில் சொரசொரத்தது. நான் என்ன வேண்டினேன் என்பது இங்கே தேவையில்லை. கப்பலில் ஒருநாள் உணவு வரிசை இப்படி ஓடியிருந்தால் நான் இன்னும் பத்து வருடம் வேலை பார்த்திருப்பேன்.

அங்கேயே அருங்காட்சியகம் இருக்கிறது. மாதாவின் பழைய அங்கிகள், கிரீடங்கள், குருக்களின் பூசை உடைகள், பக்தர்கள் அனுப்பிய வாசனைத் திரவியப் புட்டிகள். புட்டிகளை மட்டும் நின்று பார்த்தேன். வளைகுடாவிலும் ஹாங்காங்கிலும் வீட்டுவேலை செய்கிற பெண்கள் தங்களுக்கு வாங்கிக்கொள்ளாததை இங்கே அனுப்பியிருப்பார்கள் என்று போசன் சொன்னார். இருக்கும். மற்றபடி வேகமாகக் கடந்துவிடலாம்.

திருப்பலி முடிந்ததும் கூட்டம் வெளியே மந்திரிப்பு நடக்கும் இடத்துக்கு நகர்கிறது. வாங்கிய செபமாலை, படம், மெழுகுதிரி, வீட்டுச் சாவி, எதை வேண்டுமானாலும் கையில் தூக்கிப் பிடிக்கலாம். குரு தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். தெளிப்பதில் கஞ்சத்தனமே இல்லை. முன்வரிசையில் நின்றால் சட்டை நனையும். போசன் தன் பாஸ்போர்ட்டையும் மாலுமிப் புத்தகத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி எடுத்து வந்திருந்தார். பக்கத்தில் ஓர் இளைஞன் வேலை ஒப்பந்தத் தாளை உறையில்லாமல் தூக்கிப் பிடித்தான், மை கலைந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஊதி உலர்த்தினான்.

வாகன மந்திரிப்பும் உண்டு, அதற்கென்றே தூரத்திலிருந்து வருகிறார்கள். புதுக் கார், பழைய ஜீப்னி, பக்கவண்டியில் பூமாலை கட்டிய டிரைசைக்கிள் என்று வரிசையாக நிறுத்தி, கதவுகளையும் எஞ்சின் மூடியையும் திறந்து வைக்கிறார்கள். எஞ்சினுக்கும் ஒரு தெளிப்பு, இருக்கைக்கும் ஒரு தெளிப்பு. விலை உயர்ந்த காருக்கும் டிரைசைக்கிளுக்கும் ஒரே அளவு தண்ணீர். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. விரும்பினால் காணிக்கைப் பெட்டி இருக்கிறது.

தீர்த்தமும் இலவசம்தான். வெளியே மாதா வடிவப் பிளாஸ்டிக் புட்டி விற்கிறார்கள், மூடி சரியாக இறுகாது, பைக்குள் கவிழ்ந்தால் எல்லாம் நனையும். வீட்டிலிருந்து ஒரு நல்ல தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுபோங்கள்.

கோயில் எல்லையைத் தாண்டிக் காசு கைமாறும் இடத்துக்கு வந்துவிட்டோம். இனிமேல் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மெழுகுதிரி முதலில். வெளியே கடைகளில் கலர் கலராகக் கட்டி விற்கிறார்கள். சிவப்பு காதலுக்கு, பச்சை செல்வத்துக்கு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலன் சொல்லும் அட்டை தொங்குகிறது. விற்கிறவர்கள் பின்னாலேயே வருவார்கள். ஒரு பெண்ணிடம் நான் வாங்கிய கட்டு, கோயிலுக்குப் பின்னால் மெழுகுதிரி ஏற்றும் இடத்தை அடையுமுன் வெயிலில் வளைந்துவிட்டது. ஏற்றினால் திரி மெலிது, இரண்டு நிமிடத்தில் உருகிய மெழுகில் மூழ்கி அணைந்தது. பக்கத்தில் ஒரு பாட்டி ஏற்றிய சாதாரண வெள்ளை மெழுகுதிரி நின்று எரிந்தது. நிறத்தைப் பார்க்காதீர்கள், திரியைப் பாருங்கள். நகத்தால் கீறிப் பார்த்தால் மெழுகு பொடியாக உதிரக் கூடாது. அந்த இடத்தில் வெக்கை கடுமையானது, கப்பல் அடுக்களையில் முப்பது வருடம் நின்றவனே இரண்டு அடி பின்வாங்கினேன். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சம்பகீட்டா என்ற நம் மல்லிகை இனப் பூச்சரம் வாங்கலாம், வாசனை ஏமாற்றாது.

கழிப்பறை. சாலையோரத்தில் ஒரு கடைக்குப் பின்னால் கட்டணக் கழிப்பறை ஒன்றில் காசு வாங்கிக்கொண்டு, உள்ளே போன பிறகு தண்ணீர் இல்லை என்றார்கள். கோயில் வளாகத்தில் இருப்பதற்குப் போங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் பக்கத்தில் வரிசையாக உணவுக்கடைகள். பாத்திரங்களைத் திறந்து வைத்திருப்பார்கள், விரலைக் காட்டினால் தட்டில் வைப்பார்கள். நாங்கள் உட்கார்ந்த கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சோறு ஆறிப்போயிருந்தது. ஆறிய சோற்றை மன்னிக்கலாம், யாத்திரை ஊரில் மதியம் இரண்டு மணிக்கு எந்தச் சோறும் ஆறித்தான் இருக்கும். ஆனால் சினிகாங் குழம்பின் புளிப்பு முழுக்கப் பாக்கெட் பொடியின் புளிப்பு. புளியங்காய் விளைகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு பொடியைக் கரைக்கிறவனை என்ன சொல்வது? பினக்பெட்டில் பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் ஒரே பதத்தில் குழைந்திருந்தன. காய்களை வெவ்வேறு நேரத்தில் போட வேண்டும் என்பது பயிற்சிப் பையனுக்கே தெரிந்த பாடம். விலைப் பலகை இல்லை, கணக்கு வாயால். கேட்காமல் வைத்த சூப்புக்கும் விலை போட்டார்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பினக்பெட்டைக் காய்கறிக் குழம்பு என்று நினைத்துக் கைவைத்துவிடாதீர்கள். அதன் ருசியே பகோங் என்கிற மீன் நொதித்த உப்புச் சாந்தில்தான் இருக்கிறது. பங்காசினான் அந்தச் சாந்துக்குப் பேர்போன மாகாணம், லிங்காயென் பகோங் என்றால் நாடெங்கும் மதிப்பு.

காசு வாங்குகிறவர்களில் ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் முழு மதிப்பெண் போடுவேன். தூபிக் சுடுகிற பெண்கள்.

தூபிக் நம் இலையடைக்குத் தூரத்து உறவு. பசையரிசியை அரைத்த மாவு, துருவலாக இல்லாமல் கீற்றுக் கீற்றாகச் சீவிய தேங்காய், தேங்காய்ப்பால், கருஞ்சர்க்கரை. இவற்றைக் குழைத்து, வாட்டிய வாழையிலையில் விரல் நீளத்துக்கு ஒடுக்கமாகச் சுருட்டிக் கரிநெருப்பில் சுடுகிறார்கள். ஆவி கிடையாது, நேரடியாகக் கனல். கோயிலுக்கு இறங்கி வரும் சாலையில் நீளமான தகர அடுப்புகளில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்ற அடுப்பில் அறுபதுக்குக் குறையாத சுருள்கள். அந்த அம்மாள் இடுக்கி வைத்திருந்தாலும் பெரும்பாலும் விரலால்தான் புரட்டினார். ஒரு கோடியில் தொடங்கி மறுகோடி வரை ஒவ்வொன்றையும் கால் சுற்று உருட்டுவார், முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. இலை முதலில் பழுப்பாகி, பிறகு கரியாகி, ஓரம் பொடிந்து விழுகிறது. அப்போது உள்ளேயிருந்து சர்க்கரை கசிந்து கனலில் சொட்டி ஒரு வாசனை கிளம்புகிறது பாருங்கள், தெருவில் போகிறவன் தானாக நிற்பான்.

பசியில் போசன் ஓரத்தில் இருந்த ஒரு கட்டைக் காட்டி எடுத்துக் கொடுக்கச் சொன்னார். "மனோங் (அண்ணே), பொறுங்கள், இன்னும் வேகவில்லை" என்றார் அந்த அம்மாள். "பரவாயில்லை மனாங் (அக்கா), பஸ்ஸுக்கு நேரமாகிறது" என்றார் போசன். அவர் ஒரு சுருளை எடுத்துக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினார். அழுத்திய குழி அப்படியே நின்றது. எங்களிடம் அதைக் காட்டிவிட்டு, பேசாமல் மறுபடி அடுப்பில் வைத்தார். பக்கத்தில் இன்னொன்றை அழுத்தினார். குழி விழுந்து மெதுவாக எழும்பியது. அந்த வரிசையிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார். வேகாததை விற்க மறுத்து, வாடிக்கையாளனைக் காக்க வைக்கிற சமையல்காரரை நான் எங்கே பார்த்தாலும் தொப்பியைக் கழற்றுவேன். பிரித்தால் வெளியே இலையின் கரிவாசனை ஏறிய மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே இழுபடும் மாவு, நடுநடுவே தேங்காய்க் கீற்று பல்லில் படுகிறது. தித்திப்பு அளவோடு. கறுத்த இலை கையெல்லாம் பூசும், துடைக்க ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சில கடைகளில் பிளாஸ்டிக் பையில் கட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். காலையில் சுட்டு, சூட்டோடு கட்டியதால் உள்ளே வியர்த்து இலை ஊறிப்போயிருக்கும். அது தூபிக்கின் சவம். அடுப்பிலிருந்து நேராக எடுப்பதை மட்டும் வாங்குங்கள்.

புத்தோ என்கிற வெள்ளை அரிசிப் பலகாரமும் விற்கிறார்கள். அது பக்கத்து ஊரான கலாசியாவின் பெருமை, புளித்த அரிசி மாவில் ஆவியில் வேகவைத்த குட்டிக் குட்டி உருண்டை. நேரம் இருந்தால் கலாசியாவ் போய்ச் சூடாகச் சாப்பிடுவது மேல். முழுச் சாப்பாட்டுக்கு டகுபான் போங்கள். அங்கே பங்குஸ் என்று சொல்லும் மீன், நம் பால்கெண்டை. வயிற்றில் தக்காளியும் வெங்காயமும் இஞ்சியும் அடைத்துச் சுட்டுத் தருகிறார்கள். முள் அதிகம், அவசரக்காரர்களுக்கு ஆகாது. அந்த ஊர்க்காரர்கள் 2003இல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமாக அடுப்பைப் போட்டு இந்த மீனைச் சுட்டுக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர்கள். அதை நடத்திய தலைமைச் சமையல்காரர் யாராக இருந்தாலும் அவர் கையைக் குலுக்க ஆசை.

எப்போது போகலாம்? சனி, ஞாயிறு வேண்டாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை கண்டிப்பாக வேண்டாம். ஈஸ்டருக்குப் பிறகு வரும் மூன்றாம் புதன்கிழமை பெரிய திருவிழா, அக்டோபர் முதல் ஞாயிறு செபமாலை மாதா திருநாள்; திருவிழாவே பார்க்க வேண்டும் என்கிறவர்கள் அப்போது போகலாம், ஆனால் மாடி வரிசையில் நிதானமாக நிற்கும் வாய்ப்பை மறந்துவிட வேண்டும். மார்ச் முதல் மே வரை வெயில் தோலை உரிக்கும். ஜூலைக்குப் பிறகு புயல் செய்தியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். செவ்வாய், வியாழன் போன்ற நாளில் காலைத் திருப்பலிக்குப் போய்ச் சேருவதுபோலக் கிளம்பினால் எல்லாம் கைகூடும். இரவு தங்க டகுபானிலோ உர்டனேட்டாவிலோ அறை பார்ப்பது வசதி. முழங்கால் மறைய உடுத்துங்கள்.

தூபிக்கை மட்டும் பஸ் ஏறும் கடைசி நேரத்தில் வாங்குங்கள், தேங்காய் சேர்ந்த பண்டம், வெக்கையில் மறுநாளைத் தாண்டாது. நெடுநாள் தாங்குவது வேண்டுமென்றால் பகோங் வாங்கலாம். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் வையுங்கள், மூன்று பிளாஸ்டிக் உறை போட்டு, நடுவில் பழைய துணி சுற்றி. புட்டி உடைந்தால் பெட்டியில் உள்ள ஒரு சட்டையும் தேறாது.